2021இல் நின்றுபோன சிங்க்: மாமா வீட்டுக் கூகிள் ட்ரைவைப் புதுப்பித்த விபரம்

கொம்பியூட்டரில் இருக்கிற ஃபைல்களையும் இணையத்தில் கூகிள் ட்ரைவில் இருக்கிற பிரதியையும் தானாக ஒரே மாதிரி வைத்திருந்த (அதுதான் சிங்க்) கூகிளின் 'பக்கப் அன்ட் சிங்க்' மென்பொருள் 2021 ஒக்ரோபர் 1ஆம் திகதியோடு வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது. அதன் இடத்துக்கு வந்தது 'ட்ரைவ் ஃபோர் டெஸ்க்டொப்'. மாற்றம் வருகிறது என்று அந்த வருடம் ஜூலையிலேயே அறிவித்து, மென்பொருளுக்குள்ளும் அறிவிப்புக் காட்டினார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் வீட்டுக் கொம்பியூட்டர் பாவிக்கிற வயதானவர்கள் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி எழும்பினால் மூலையில் இருக்கிற புள்ளடியை அழுத்தி மூடிவிடுவார்கள். கொக்குவிலில் இருக்கிற என் மாமாவும் அப்படித்தான் மூடியிருக்கிறார்.

மென்பொருள் நின்றாலும் 'கூகிள் ட்ரைவ்' என்ற ஃபோல்டர் அப்படியேதான் இருக்கும். அதற்குள் ஃபைல் போடலாம், எடுக்கலாம், பெயர் மாற்றலாம். மேலே, அதாவது இணையத்தில் கூகிளிடம், போவது மட்டும் இல்லை. மாமா அதற்குப் பிறகும் அதற்குள்தான் எல்லாவற்றையும் சேமித்து வந்திருக்கிறார். 2023இல் வீட்டுக் காணி உறுதிகள், நில அளவைப் படங்கள், பிறப்பு விவாக அத்தாட்சிப் பத்திரங்கள் எல்லாவற்றையும் பொறுமையாக ஸ்கான் பண்ணி அதற்குள்தான் போட்டார். ரொறன்ரோவில் இருக்கிற மச்சான் ஓர் உறுதியின் பிரதியைக் கேட்டு, தன் பக்கத்தில் தேடிப் பார்த்து, இல்லை என்று சொன்னபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"உதுக்குள்ளை போட்டால் தானாய் மேலை போகும் எண்டெல்லே உன்ர மச்சான் சொல்லித் தந்தவன்?" என்றார் மாமா. சொல்லித் தந்த காலத்தில் அது உண்மைதான்.

பிரவுசரில் ட்ரைவைத் திறந்து, கடைசியாக மாற்றிய திகதிப்படி அடுக்கிப் பார்த்தேன். ஆக மேலே நின்ற ஃபைல் 2021 செப்டெம்பருக்குரியது. அதற்குப் பிறகு சேர்த்தவை எல்லாம் அந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கில் மட்டும். யுத்தத்தால் சனமெல்லாம் வெளியேறிய வலிகாமம் இடப்பெயர்வு நேரம், 1995 ஒக்ரோபர் 30 இரவு, மாமி இந்த உறுதிகளை ஷொப்பிங் பையில் சுற்றி, உடுப்புகளுக்கு நடுவில் வைத்து நாவற்குழிப் பாலம் தாண்டிக் கொண்டுபோனவர். அப்படிக் காப்பாற்றிய கடதாசிகளின் பிரதி தூசி பிடித்த ஒரு பழைய டிஸ்க்கில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்றால், பழைய மென்பொருளைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போடுகிற வேலையோடு இதை முடித்துவிட முடியாது.

ஆகவே முதலில் ஒன்றையும் கழற்றவில்லை. இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: அப்டேட் கடைசி வேலை. எந்தப் பிரதி எங்கே இருக்கிறது, எது புதியது, எது ஒரேயொரு பிரதி என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

மெசின் 4ஆம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், 64 பிட் விண்டோஸ் 10. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டு டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. செக்டர் என்பது டிஸ்க்கில் தரவு பதிகிற சின்னத் துண்டு. மாற்றி ஒதுக்கிய செக்டர்கள் கொஞ்சம், வாசிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் கொஞ்சம். அந்த இரண்டாவது வரிசையில் பூச்சியத்தைத் தவிர வேறு எண் தெரிந்தால், அந்த டிஸ்க்கில் வைரஸ் ஸ்கான், டிஃப்ராக் போன்ற பாரமான வேலை ஒன்றும் செய்யக்கூடாது. நேரே பிரதி எடுக்க வேண்டியதுதான்.

வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கொழுவி, விண்டோஸோடு வருகிற, பிரதி எடுக்கும் கட்டளையான ரோபோகொப்பியால் பிரதி எடுத்தேன். மௌஸால் இழுத்துப் போட்டால் ஒரு ஃபைல் வாசிபடாத இடத்தில் முழு வேலையும் நின்று கேள்வி கேட்கும். பாதியில் கரண்ட் போனால் எது போனது, எது மிச்சம் என்று தெரியாது. ரோபோகொப்பியை மறுபடி ஓட்டினால் ஏற்கெனவே போனதை விட்டுவிட்டு மிச்சத்தை எடுக்கும். முடிவில் மொத்தம், எடுபட்டது, தவிர்த்தது, தவறியது என்று அட்டவணையும் தரும். ஒரு பழுதுபட்ட ஃபைலுக்கு எத்தனை தரம் முயல வேண்டும் என்பதை மட்டும் குறைத்து வைக்க வேண்டும், ஏனென்றால் சும்மா விட்டால் அது பத்து இலட்சம் தடவை முயலும். இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி ஆக்குகிற 'மிர்' என்ற தெரிவைத் தொடவேண்டாம். மூலத்தில் இல்லாதது பிரதியில் இருந்தால் அது அழித்துவிடும். தவறிய வரிசையில் வந்தவை சில கல்யாண வீடியோக்கள். அவற்றின் வேறு பிரதி மச்சானிடம் இருந்தது. உறுதிகள் எல்லாம் முழுதாக வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து, முத்திரையும் கையெழுத்தும் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் எழும்பித் தேத்தண்ணி குடித்தேன்.

இதில் இன்னொரு விஷயம். ட்ரைவ் ஃபோல்டருக்குள் கூகிள் டொக்ஸில் எழுதியவை 'ஜிடொக்' என்ற முடிவோடு தெரியும். அவை ஃபைல் அல்ல. ஒவ்வொன்றும் சின்ன முகவரிச் சீட்டு மட்டும். உள்ளடக்கம் முழுக்க மேலே கூகிளிடம்தான். வெளி டிஸ்க்குக்கு இவற்றைப் பிரதி பண்ணினால் பெயர் மட்டும்தான் வரும். அளவைப் பாருங்கள், ஒரு கேபி கூட இருக்காது. மாமாவின் கோயில் திருப்பணிக் கணக்குகள் அப்படித்தான் இருந்தன. அவற்றைக் 'கூகிள் டேக்அவுட்' வழியாக எக்செல், வேர்ட் ஃபைல்களாகக் கேட்டு இறக்கினேன். கேட்டவுடன் தராது, ஆயத்தமானதும் மின்னஞ்சல் வரும், இறக்குகிற இணைப்பு ஏறத்தாழ ஒரு கிழமைதான் செல்லும். ஆகவே கேட்டுவிட்டு மறக்கக்கூடாது.

பிறகு பாமினி. இது எங்கள் ஊர்க்காரர் எல்லோருக்கும் இருக்கிற பிரச்சினை, இதைப் பற்றி யாரும் எழுதிக் காணவில்லை. மாமா கனகாலம் சனசமூக நிலையத்தின் செயலாளர். கூட்டக் குறிப்புகள், அங்கத்தவர் பட்டியல், ஆண்டறிக்கை, நினைவு மலருக்கு எழுதிய கட்டுரைகள் என்று ஒரு பெரிய அடுக்கு வேர்ட் ஃபைல்கள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. பாமினி, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோட் அல்ல. உள்ளே பதிவாகியிருப்பது ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும்; எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது, அவ்வளவுதான். மாமாவின் மெசினில் எழுத்துரு இருப்பதால் வடிவாகத் தெரியும். அதே ஃபைலை ட்ரைவில் ஏற்றி ஃபோனில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல். தேடலிலும் அகப்படாது. ஃபைல் மேலே பத்திரமாக இருக்கிறது, ஆனால் இன்னொருவரால் வாசிக்க முடியாது என்றால், அது சேமிப்பு அல்ல.

இரண்டு வழி செய்தேன். பாமினி ஃபைல் ஒவ்வொன்றையும் மாமாவின் மெசினிலேயே திறந்து, எழுத்துருவை உள்ளே பதித்துப் பிடிஎஃப்பாகச் சேமித்தேன். அது எந்த ஃபோனிலும் மூலத்தைப் போலவே தெரியும். முக்கியமானவற்றை மட்டும் யூனிகோடுக்கு மாற்றினேன். மாற்றிகள் ஒன்லைனில் இலவசமாக இருக்கின்றன, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பமுடியாது. கட்டுரைக்கு நடுவில் ஆங்கிலத்தில் அடித்த பெயர் இருந்தால் மாற்றி அதையும் பாமினி என்று நினைத்துப் பொருளில்லாத தமிழாக்கிவிடும். ஒரு ஆண்டறிக்கையில் நன்கொடை தந்த வெளிநாட்டுச் சங்கங்களின் பெயரெல்லாம் அப்படி உருக்குலைந்து வந்தது. மாமாவைப் பக்கத்தில் இருத்தி, அவர் வாசிக்க நான் திருத்தினேன். மூல ஃபைலையும் அழிக்கவில்லை. மூன்றும் ஒரே பெயரில், ஒரே ஃபோல்டரில். இந்த மாற்றும் வேலை இன்னும் முடியவில்லை.

ஸ்கான் பண்ணிய உறுதிகளின் பெயர்களையும் திருத்தினோம். ஸ்கானர் தானாகக் கொடுத்த எண்களோடு கிடந்தன. இலங்கையில் உறுதி எழுதும்போது மூலம் உரியவரிடம், ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்கு, இன்னொன்று உறுதியை எழுதுகிற நொத்தாரிசின் கோவையில் என்று போகும். ஸ்கான் படம் மூல உறுதிக்கு ஈடு அல்ல. ஆனால் மூலம் தொலைந்தால், பதிவகத்தில் பிரதி தேடி எடுக்க உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் மூன்றும் வேண்டும். ஆகவே ஃபைலின் பெயரே அந்த மூன்றும்தான். படத்தைத் திறக்க முடியாமற் போனாலும் பெயர் பட்டியல் கையில் இருந்தால் போதும். பட்டியலைக் கடதாசியில் அடித்து மாமி அலுமாரியில் வைத்துவிட்டார்.

இனிப் புதுப்பித்தல். ட்ரைவ் ஃபோர் டெஸ்க்டொப்புக்கு 64 பிட் விண்டோஸ் 10 அல்லது அதற்கு மேல் வேண்டும். விண்டோஸ் 7 அல்லது 8 வைத்திருப்பவர்களும், 32 பிட் விண்டோஸ் வைத்திருப்பவர்களும் முதலில் அதை மாற்ற வேண்டும். இந்த மெசினில் அந்தச் சிக்கல் இல்லை. பழைய டிஸ்க்கில் புதிதாக ஒன்றையும் பதிய மனமில்லாததால், 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) ஒன்று வாங்கி அதில் விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். கஸ்தூரியார் வீதியில் ஒரு கடையில் வாங்கியது. பழைய டிஸ்க்கைக் கழற்றி, திகதி எழுதி, அலுமாரியில் வைத்தாயிற்று. பெட்டியைத் திறந்ததால் தூசியும் தட்டினேன்.

மென்பொருளை இறக்கி லொகின் பண்ணப் போனால் பிரவுசர் மறுத்துவிட்டது: கடிகாரம் பிந்தியிருக்கிறதாம். மூலையில் பார்த்தால் பல வருடம் முந்திய திகதி. மாரியில் மின்னலுக்குப் பயந்து மாமா ஒவ்வொரு இரவும் சுவரில் பிளக்கைக் கழற்றிவிடுவார். மதர்போர்ட்டில் இருக்கிற காசு வடிவப் பற்றறி செத்திருந்தால், கரண்ட் இல்லாத நேரம் திகதி அழிந்துவிடும். திகதி பிழைத்தால் இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும், லொகின் நடக்காது, சிங்க்கும் நடக்காது. பற்றறி சிஆர் 2032, எந்த மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். ஓரத்தில் இருக்கிற சின்னக் கொக்கியை நகத்தால் தள்ள அது தானாக எழும்பும், எழுத்து உள்ள பக்கம் மேலே பார்க்கப் புதியதை வைக்க வேண்டியதுதான். மெசின் தொடங்கும்போது திறக்கிற அமைப்புப் பக்கமான பயோசில் திகதியைச் சரிசெய்தபின் லொகின் பக்கம் திறந்தது. 'என்ரை ட்ரைவ் வேலை செய்யுதில்லை' என்று யாராவது சொன்னால் இப்போது முதலில் திகதியைத்தான் கேட்கிறேன்.

அடுத்தது இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு. கணக்கைத் திறந்து கொடுத்தவர் மச்சான். சரிபார்ப்புக் குறி போவது அவருடைய ஃபோனுக்கு. கோடை காலத்தில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், ஆகவே இங்கே பின்னேரம் 7 மணி, அங்கே காலை 9.30. அந்த நேரத்துக்கு அழைத்து, லைனில் வைத்துக்கொண்டே மாமாவின் சொந்த ஃபோன் இலக்கத்தையும் சேர்த்தோம். கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் பக்கப் குறிகளையும் எடுத்தோம்: எட்டு இலக்கக் குறிகள் பத்து, ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். ஃபோன் தொலைந்தால் கணக்கைத் திறக்க அவை உதவும். புலம்பெயர்ந்த பிள்ளைகள் ஊரிலுள்ள பெற்றோருக்குத் திறந்து கொடுத்த கணக்குகள் அனேகமாக இப்படித்தான் இருக்கின்றன. சாவி ஒரு நாட்டிலும் பூட்டு இன்னொரு நாட்டிலும் இருக்க விடாதீர்கள்.

பிறகு ஒரு தெரிவு கேட்கும்: ஸ்ட்ரீமா, மிரரா? ஸ்ட்ரீம் என்றால் 'ஜி' என்ற எழுத்தில் ஒரு ட்ரைவ் தோன்றும். ஃபைல்கள் மேலே இருக்கும், திறக்கும்போது இறங்கும். டிஸ்க்கில் இடம் மிச்சம். ஆனால் இணைய லைன் இல்லாவிட்டால் ஒவ்வொன்றாக 'ஒஃப்லைனில் வை' என்று சொல்லி வைத்தவற்றைத்தான் நிச்சயமாகத் திறக்கலாம். மிரர் என்றால் முழுப் பிரதி டிஸ்க்கிலும் மேலேயும். பொதுவாக ஸ்ட்ரீமைத்தான் சிபாரிசு செய்வார்கள். மழைக்கு லைன் அறுந்தால் திருத்த ஆள் வரும் வரை காத்திருக்கிற வீட்டுக்கு நான் மிரர் என்றுதான் சொல்வேன். மிரர் ஃபோல்டரைப் புதிய வெறும் இடத்தில் வைத்தேன். பழைய ஃபோல்டரையே காட்டினால், இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசமுள்ள இடங்களில் இரட்டைப் பிரதிகள் உருவாக வாய்ப்புண்டு. மேலே இருந்தவை எல்லாம் முதலில் கீழே இறங்கட்டும் என்று விட்டு, அதற்குப் பிறகு 2021க்குப் பிந்தியவற்றை மட்டும் வெளி டிஸ்க்கிலிருந்து சேர்த்தேன்.

இலவச இடம் 15 ஜிபி. அதற்குள்தான் ஜிமெயிலும் ஃபோட்டோஸும். நிரம்பினால் புது மின்னஞ்சலும் வராது. ஆகவே உறுதிகள், பத்திரங்கள், பாமினி அடுக்கு, தெரிந்தெடுத்த பழைய படங்கள் மட்டும் மேலே. வீடியோக்கள் வெளி டிஸ்க்கில். ஏற்ற வேண்டியது 9 ஜிபி அளவு வந்தது. அப்லோட் வேகம் விநாடிக்கு 5 மெகாபிட் என்றால் கணக்குப்படி 4 மணித்தியாலம். நடைமுறையில் அதைவிடக் கூடத்தான் பிடிக்கும். ஸ்லீப்பை நிறுத்திவைக்க வேண்டும், இல்லாவிட்டால் மெசின் தூங்க ஏற்றமும் நின்றுவிடும். மென்பொருளின் அமைப்பில் வேகத்துக்கு எல்லை போடலாம். மாமி பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் கதைக்கிற நேரத்துக்காக அதைப் போட்டேன்.

ஏற்றம் முடியும் வரை கணக்கைத் துண்டிக்கவோ மென்பொருளைக் கழற்றவோ கூடாது. 2023 நவம்பரில் இதே மென்பொருளின் 84ஆம் பதிப்பில் சிலருக்கு ஃபைல்கள் காணாமற்போய், கூகிள் மீட்புக் கருவியோடு திருத்திய பதிப்பை வெளியிட்டது. அப்போது அவர்கள் சொன்ன முதல் அறிவுரையும் இதுதான்: துண்டிக்காதீர்கள், மென்பொருளின் தரவு ஃபோல்டரை அழிக்காதீர்கள்.

எல்லாம் சரி என்று மென்பொருள் சொன்னதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. மச்சானிடம் சொல்லி ரொறன்ரோவில் ஓர் உறுதியைத் திறக்கச் செய்தோம். உறுதி இலக்கத்தை அவர் வாசிக்க, மாமா கையில் மூலத்தை வைத்துக்கொண்டு விரலால் தொட்டுச் சரிபார்த்தார். "ஓம், சரி. அடுத்ததை வாசி" என்று கடைசி உறுதி வரை விடவில்லை. பிறகு சோதனைக்கு ஒரு ஃபைலை டிஸ்க்கில் அழித்துக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் மேலேயும் இல்லை, மச்சானின் பக்கத்திலும் இல்லை. மாமா திடுக்கிட்டார். பழைய மென்பொருளில் 'இங்கே அழித்தால் மற்ற இடத்தில் அழிக்காதே' என்ற தெரிவு இருந்தது. அந்த ஞாபகத்தில் இடம் மிச்சம் பிடிக்க எதையும் அழிக்கப் போகாதீர்கள். குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குள் மீட்கலாம். மீட்டும் காட்டினேன். 31ஆம் நாள் அது ஒரு இடத்திலும் இல்லை. சிங்க் என்பது பக்கப் (தனியாக எடுத்து வைக்கிற பிரதி) அல்ல என்று வாயால் சொல்வதைவிட இந்தச் சோதனை அவருக்கு நன்றாக விளங்கியது.

அதனால்தான் வெளி டிஸ்க்கும் வேலையில் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை மாமா அதைக் கொழுவுவார், நான் எழுதிக் கொடுத்த ரோபோகொப்பிக் கோப்பை இரட்டைச் சொடுக்கில் ஓட்டுவார், அட்டவணையில் தவறியது பூச்சியமா என்று பார்ப்பார், கழற்றுவார். கழற்றியதும் அது மானிப்பாயில் இருக்கிற சித்தி வீட்டுக்குப் போய்விடும், இரண்டு டிஸ்க்குகள் மாறி மாறி. கொழுவினபடியே விட்டால் ஒரு மின்னலில் மெசினும் வெளி டிஸ்க்கும் இரண்டும் போகும்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் தந்த ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. பதிவுசெய்தால் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 ஒக்ரோபர் 13 வரை வரும்; மாமாவின் மெசினைப் பதிந்துவிட்டேன். விண்டோஸ் 11க்கு இன்டெலில் 8ஆம் தலைமுறை தொடக்கம் வேண்டும், ஆகவே இந்தப் பெட்டி அதற்கு ஏலாது. பாவித்த 8ஆம் தலைமுறைப் பெட்டி ஒன்று தேடுகிறேன். எஸ்எஸ்டியை அதற்கு மாற்றிக்கொள்ளலாம். அதுவரை மாமாவின் மேசைக் கண்ணாடிக்குக் கீழே ஒரு துண்டில் எழுதி வைத்திருக்கிறேன்: திங்கட்கிழமைகளில் ஃபோனில் ட்ரைவைத் திறந்து, கடைசியாகப் போட்ட ஃபைல் மேலே தெரிகிறதா என்று பார்க்கவும். தெரியாவிட்டால் அன்றைக்கே அழைக்கவும்.